இல்லாத பெரியப்பா

திரையில் பதில் சரியாகத்தான் வந்தது: ‘வந்தவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார்.’ ஆனால் கூடவே வாசல் கதவின் பூட்டும் ‘டக்’கென்று திறந்ததே, அதுதான் அவளுக்கு இடித்தது. அந்தப் பூட்டின் வயரைக் காலையிலேயே கழற்றி மேசைமேல் போட்டிருந்தாள்.

வீட்டுக் கதவை வெப் பக்கம் வழியாகத் திறக்க அவளே எழுதிய ஸ்கிரிப்ட், சின்ன நிரல், அது. பக்கத்தைத் திறந்து, வந்து நிற்பவர் மாதிரி ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளையாக எல்லாவற்றையும் அவளே அடித்துச் சோதிப்பாள். உறவு: பெரியப்பா. யாரைப் பார்க்க: பாப்பாவை. வாய்க்கு வந்ததை அடித்தாள், அவ்வளவுதான். அவளுக்கு அக்காவும் இல்லை, கணவனுக்கு அண்ணனும் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். கதவு பூட்டித்தான் இருந்தது. மனப்பிராந்தி என்று திரும்பும்போது, காயாத துணியை மூட்டையாகக் கட்டிவைத்த மாதிரி ஒரு வாடை, மின்விசிறிக் காற்றையும் மீறி, ஹாலைக் கடந்து உள்ளறைப் பக்கம் மெல்ல நகர்ந்துபோவதை உணர்ந்தாள். அங்கே பாப்பா படம் வரைந்துகொண்டிருந்தாள், கிரேயான் காகிதத்தில் தேய்கிற சத்தம் இதுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது.

“பாப்பா?”

“அம்மா, பெரியப்பா வந்திருக்காங்க!”

அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். பாப்பாவுக்கு அது எட்டவே எட்டாது.

“கதவைத் தொற கண்ணு! யாரு உள்ள?”

“பெரியப்பா வேணாங்கறாங்க. நீதான் வரச் சொன்னியாம்.”

ஐயோ. தோளால் இடித்தாள். அசையவில்லை. ஓடிவந்து மேசையில் விழுந்தாள். வரவழைத்தது இதுதானே, இதுவே திருப்பி அனுப்பட்டும். தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். பெரியப்பா. வெளியே அனுப்பு.

‘சோதனை வெற்றி. வெளியேறுவோர்: 2.’

அந்த வாடை முதுகுக்குப் பின்னால் கடந்துபோனது. கூடவே சின்னக் கால்களின் சத்தம். கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை.

‘டக்.’

அப்புறம்தான் உடம்பு அவள் பேச்சைக் கேட்டது. வாசலுக்குப் பாய்ந்தாள். பூட்டியிருந்தது. சாவி சுழலவில்லை. கைப்பிடியில் தொங்கினாள். கத்தினாள். கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

படிக்கட்டில் பாப்பா குதித்துக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தாள், செருப்புகூட இல்லாமல். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரலை இறுகப் பிடித்திருந்தாள். திருப்பத்தில் நின்று, அம்மா பக்கம் பார்த்து, மறு கையால் டாட்டா காட்டினாள்.