மூன்று வரிக் கவி

லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டிலையும் அலுமாரியையும் ஏற்றி, அவற்றின் மேல் தன் புருஷன் முஸ்தாக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் ஆகிலா சாய்ந்தமருதுக் கடற்கரை வாடகை வீட்டுக்குக் குடிவந்தாள். மருதமுனையில் அவளுக்குச் சீதனமாக எழும்பிக்கொண்டிருந்த வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. அந்தக் கரையில் வீடென்றால் அது பெண்ணுடையது. ஆம்பிளை உடுத்த உடுப்போடு வந்து ஏறுகிறவன். "எனக்கென்ன, பொண்டாட்டி எங்க பாய் விரிக்கிறாவோ அதுதான் என்ட ஊர்" என்று கட்டில் மேலிருந்து முஸ்தாக் சத்தம் போட்டான். ஐந்து வயது மகள் சைமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாவி கொடுத்தவர், எல்லாரும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வளவு ஷரிபுதீன் காக்கா. வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்பதால் எல்லாப் பொறுப்பும் இவருக்குத்தான். லைட்டுகளைப் போட்டுக் காட்டினார், தண்ணீர்க் குழாயைத் திருகிக் காட்டினார். கடைசியில் பின்கதவடியில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"தங்கச்சி, இந்தப் பொறவாசல்ல ஸலாம் சொல்லாம ஆரும் கூப்பிட்டா பதில் குடுக்காதீங்க. வேற ஒண்டுமில்ல."

"ஏன் காக்கா, கள்ளனா?"

"கள்ளன் எண்டா பொலிசுக்கெல்லோ சொல்லியிருப்பன்" என்றவர், மேலே கேட்க இடம் கொடுக்காமல் நடையைக் கட்டினார்.

ஆகிலா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள் என்று குடும்பத்தில் அவளுக்குப் பேர். பதில் சொல்லாமல் இரு என்று அவளிடம் சொல்வது, மூச்சு விடாமல் இரு என்று சொல்வதற்குச் சமம்.

வீடு நல்ல வீடுதான். பின்பக்கம் நாலைந்து தென்னை, பிறகு வெறும் மணல், அதற்கப்பால் கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்கள். காற்று எந்நேரமும் உப்பைக் கொண்டுவந்து யன்னல் கம்பிகளில் ஒட்டியது. மஃரிபு பாங்கு சொல்லும் அந்தி நேரத்தில் மட்டும் காற்று நின்றுவிடும். அப்போது குசினிக்குள் ஈரமண் வாசம் வரும், அதோடு காய்ச்சாத பாலின் நெடியும் வரும். எங்கேயோ மாடு கட்டியிருக்கிறார்கள் என்று ஆகிலா நினைத்துக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தில் மாடு இல்லை.

ஒருநாள் சைமாவின் தலையைச் சீவிக்கொண்டிருக்கும்போது பிள்ளை தன்பாட்டில் ஒரு கவி படித்தது.

*கூடப் பொறந்தவ நான், கும்மிருட்டில் வாழ்ந்தவ நான்*
*ஓடி வெளிய வந்தும் ஒருவாய்ப்பால் காணாதவ*
*பேருஞ் சூட்டாம, பெத்தவளும் பாராம...*

அதோடு நின்றுவிட்டது.

"நல்லா இரிக்கே! மிச்சத்தையும் படி மகள்."

"மிச்சம் இல்லயாம். இது ஆரெண்டு, மிச்சத்த நீங்கதான் சொல்லணுமாம்."

"ஆரு சொன்ன?"

"பொறவாசல்ல இரிக்கிற தங்கச்சி."

சைமாவுக்குத் தங்கச்சி இல்லை. அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடும் இல்லை. ஆகிலா மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பத்து நகங்களுக்குள்ளும் கறுப்பாக ஈரமண் ஏறியிருந்தது. வெளியில் இருந்ததோ வெள்ளை மணல்.

அதன் பிறகு பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தது. பிறகு நிறுத்தியே விட்டது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். தூக்கும்போது சைமா நாளுக்கு நாள் இலேசாகிக்கொண்டு வந்தாள். ஆகிலாவுக்கு அவளைத் தூக்கவே பயமாக இருந்தது.

பயந்துபோய் ஆகிலாவின் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மஃரிபு நேரத்தில், நித்திரையில் கிடந்த பிள்ளையின் வாயிலிருந்தே அந்தக் கவி வந்தது. அது சைமாவின் குரல் இல்லை.

மூன்று வரி. பிறகு மௌனம்.

அந்த மௌனம் யாரோ பதிலுக்காக அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி நீண்டது.

விடிந்ததும் திரும்பிவந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லை என்பது தெரிந்துவிட்டது. சைமா வாப்பாவின் மடியில் கிடந்து மெல்லச் சொன்னாள்.

"பதில் சொல்லாட்டி, மண்ணுக்குள்ள வெளாட என்னக் கூட்டிப் போவாவாம்."

பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கும் முஸ்தாக் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்தி நேரத்தில் கைத்தொலைபேசியைப் பின்கதவோரம் வைத்துப் பதிவு செய்தான். கவி காதுக்குத் தெளிவாகக் கேட்டது. பதிவில் கவி இல்லை. சின்ன வாய் ஒன்று எதையோ தேடிச் சப்புகிற சத்தம் மட்டும் இருந்தது.

ஆகிலாவுக்கும் போட்டுக் காட்டிய பிறகு அவன் அதை அழித்தான். ஆகிலாவுக்குக் காட்டியிருக்கவே கூடாது என்று பிறகு வருத்தப்பட்டான்.

அடுத்த நாள் பகல் முழுக்க மழை. சைமாவை நடுவில் படுக்கவைத்து, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். முஸ்தாக் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். பழுது எங்கேயென்று ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்த்துத்தான் பழக்கம். கவியையும் அப்படித்தான் பிடித்தான்.

"கூடப் பொறந்தவ. கூடவே இரிக்கிற. அப்ப நிழலோ?"

"கும்மிருட்டில நிழல் எங்கால வாற?"

"ஓம், சரி. அப்ப கச்சான் கடலயோ? மண்ணுக்குள்ள இருட்டுத்தானே, கூடப் பொறந்த பருப்பும் இரிக்கி."

"கச்சானப் பெத்தவ ஆரு? பால் ஆரு குடுக்கிற? பகிடிய விடுங்க மச்சான்."

"பகிடி இல்ல புள்ள. பார், முதல் வரியில அவ இரிக்கா. ரெண்டாவதுல வெளிய வாறா. மூணாவதுல ஒண்டுமே கிடைக்கல்ல. பேரில்ல, பாலில்ல, பெத்தவ பாக்கவுமில்ல. இது உசிருள்ள ஒண்டோட வந்த உசிரில்லாத ஒண்டு."

பெத்தவளும் பாராம.

ஆகிலாவுக்குச் சைமா பிறந்த நாள் நினைவுக்கு வந்தது. பிள்ளையை நெஞ்சில் போட்ட பிறகும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று வழுகிப் போனது. வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி அதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். ஆகிலா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் புதைத்தார்களா, எரித்தார்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதுமில்லை.

"நச்சுக்கொடி" என்றாள். "மச்சான், புள்ளயோட வாற நச்சுக்கொடி."

முஸ்தாக் மூன்று வரியையும் திரும்பச் சொல்லிப் பார்த்தான். எல்லாம் பொருந்தின. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். ஆகிலா எழும்பிப் பின்வாசலுக்கே ஓடப் பார்த்தாள்.

"நில்லு புள்ள. கவிக்குக் கவியாலதான் பதில் சொல்லணும். வெறும் வாயால சொன்னா அது பதிலில்ல."

அவன் மாவடிப்பள்ளிக்காரன். வயல் காவலில் இருந்த அவனுடைய வாப்பா அடுத்த வரவை வயல் காவல்காரனோடு கவி படித்து மோதியதைக் கேட்டு வளர்ந்தவன். அவன் ஓசையைத் தட்டித் தட்டிக் கொடுக்க, ஆகிலா சொல்லை எடுத்துக் கொடுத்தாள். 'பேரு' என்று தொடங்கிய வரிக்கு 'ஊரு' என்று அவள் போட்டபோது அவனுடைய கண் மின்னியது. இந்தப் பாழாய்ப்போன வேளையிலும் அவள் கெட்டிக்காரத்தனம் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

மஃரிபு பாங்கு சொன்னது. காற்று நின்றது.

பால் நெடி.

பின்கதவுக்கு வெளியே, இடுப்பளவு உயரத்திலிருந்து அந்தக் குரல் படித்தது. ஒரு வரி. இரண்டு. மூன்று.

ஆகிலா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நாலாம் வரியைப் படித்தாள்.

*ஊரு மண்ணுக்குள்ள ஒளிஞ்சகொடி நீதானே.*

கடல்கூடச் சத்தம் போடவில்லை.

அறைக்குள்ளிருந்து சைமா கூப்பிட்டாள். "உம்மா, பசிக்கிது. சோறு தாங்க."

முஸ்தாக் அப்படியே தரையில் விழுந்து ஸுஜூது செய்தான். ஆகிலா சட்டிக்குள் கிடந்த சோற்றையும் மீன் ஆணத்தையும் அள்ளிக்கொண்டு ஓடத் திரும்பினாள். அப்போதுதான் பின்வாசலில் அந்தக் குரல் திரும்பவும் வந்தது. மெதுவாக, மரியாதையாக வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஸலாம் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத நாக்கு. பிறந்த நாள் முதல் பழகிய நாக்கு. மனம் முந்துவதற்குள் அது முந்திவிட்டது.

"வஅலைக்கும் ஸலாம்."

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் மட்டும் ஒருதரம் ஆடியது. ஈரமண் வாசம் ஒன்று அவளுடைய இடுப்போரமாக உரசிக்கொண்டு வீட்டுக்குள்ளே போனது.

அடுத்த நாள் காலையிலேயே சாமான்களை ஏற்றினார்கள். சீதன வீட்டில் ஓர் அறைக்குத் தகரம் அடித்துத் தருவதாக மேசன் ஒத்துக்கொண்டிருந்தார். சைமா பழைய சைமாவாக லேண்ட்மாஸ்டர் பெட்டியில் துள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஆகிலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. முஸ்தாக் சாவியை நீட்டினான், நடந்ததையும் சொன்னான். ஷரிபுதீன் காக்கா சாவியை வாங்காமல் நின்றார்.

"கவியால பதில் சொன்னீங்களா?"

"ஓம் காக்கா. வெண்டுட்டம்."

"ஆரு படிச்ச? நீங்களா, தங்கச்சியா?"

"நான்தான்" என்றாள் ஆகிலா.

அவர் தொப்பியைக் கழற்றினார். "மாவடிப்பள்ளி வழக்கம் வேற தம்பி. அங்க ஆம்புளயள் படிக்கிற, வெண்டவன் வெண்டான், தோத்தவன் தோத்தான், முடிஞ்சிது. இஞ்ச கடக்கரயில பொண்டுகள் படிக்கிற கவி. தோத்தவ பசியோட போகப்படாது. வெண்டவ அவளத் தன்ட சொந்த வீட்டுக்குக் கூட்டிப் போய் வயிறாரக் குடுக்கணும். அதுதான் முறை."

"இதுக்கு முன்ன இஞ்ச இரிந்தவங்க?" ஆகிலா கேட்டாள்.

"அவங்க பதில் சொல்லல்ல."

"அவங்கட புள்ள?"

ஷரிபுதீன் காக்கா சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வாகனம் நிக்கிது, போங்க" என்றார்.

வழியெல்லாம் முஸ்தாக் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். சத்தமாகத்தான் சிரித்தான். ஆகிலா மட்டும் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை.

சொந்த வீட்டின் நிலையைத் தாண்டும்போது பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை வைத்தாள். புதுச் சீமெந்து மணந்தது. தகரத்தில் வெயில் படபடத்தது. பிற்பகல் அஸர் நேரம், கடல் தூரத்தில் இருந்தது. முஸ்தாக் முற்றத்தில் ஏணி வைத்து மெயின் வயரை இழுத்துக்கொண்டிருந்தான். பயப்பட இங்கே என்ன இருக்கிறது என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். சைமாவுக்கு ஊட்டிய பிறகு சுவரோடு சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். வந்த களைப்பில் கண் சொருகியது.

சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது.

வேர்வை என்று நினைத்தாள். கையை வைத்துப் பார்த்தாள்.

பால்.

சைமா பால் மறந்து வருஷங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கியதில்லை.

மடியில் ஏதோ ஏறியது. ஈரமாக, குளிர்ச்சியாக, சைமா பிறந்தன்று இருந்த அதே பாரத்தில் ஏறியது. முஸ்தாக்கைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கையை உதற நினைத்தாள். கை அவள் சொல் கேட்கவில்லை. அது மடியில் கிடந்ததைத் தட்டிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது, முந்தானை தானாக ஒதுங்கியது, முற்றத்தில் ஏணி மேல் நின்றவன் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

பாயில் விளையாடிக்கொண்டிருந்த சைமா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"உம்மா, பைய. அவக்கு எல்லாப் பல்லும் இரிக்கி."