சினைக்கொடிக்குக் கீழே

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் தொம்மையின் வள்ளத்தை ஊர் கரையில் ஏற்றி வைத்துவிடும். ஒரு வருடம் கடலில் இறங்கக் கூடாது. நரிப்பார் என்ற பாறைத்திட்டுக்கு வெளியேதான் அவன் வலை போடுவான்; அங்கேதான் விளமீன்கள் அரை உயிராக மிதந்தன. மருந்து கலக்கிப் பிடிக்கிறான் என்று ஊரே பேசியது.

சனிக்கிழமை விடிந்ததுமே அவன் தங்கை மரியரூபா, நீச்சல் கண்ணாடியோடு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எங்கட்டி வார?" என்றான் தொம்மை.

"மீனு எதனால சாவுதுன்னு பாக்க. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா வள்ளம் நெலைக்குமா?"

அத்தை மகன் கஸ்பார் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தான். "சோழகக் காத்து வலுத்தா திரும்ப முடியாது. சண்டைய நடுக்கடல்ல வச்சுக்கிடுங்க."

வள்ளம் சீறிப் பாய்ந்தது. அலை மூஞ்சியில் அறைய அறைய மரியரூபாவுக்கு உடம்பெல்லாம் விறுவிறுத்தது. வழியில் தள்ளாடி மிதந்த ஒரு விளமீனைக் கூடையில் அள்ளிப் போட்டாள்.

நரிப்பாரில், பாறை இடுக்கில் நட்ட மூங்கிலில் வெள்ளைத் துணி படபடத்தது. சினைக்கொடி. மீன் முட்டை மிதப்பதை முதலில் பார்ப்பவர் நடுகிற கொடி அது. நட்டுவிட்டால் அங்கே யாரும் வலை வீச மாட்டார்கள், கால் நனைக்க மாட்டார்கள். இதை நட்டதே தொம்மைதான்.

கொடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய், மிளகு அளவில் முட்டைகள் ஆடின.

"எப்பண்ணே நட்ட?"

"ஈஸ்டருக்கு முன்ன."

"இப்ப ஆடி பொறக்கப் போவுது. இன்னுமா பொரிக்கல?"

அவள் கண்ணாடியை மாட்டுவதைப் பார்த்ததும் தொம்மை பதறினான். "ஏட்டி, கொடிக்குள்ள எறங்குனா நம்மள ஊரே தள்ளி வச்சிரும்."

"நாளைக்கு எப்படியும் தள்ளத்தான போறாவ."

குதித்துவிட்டாள்.

கீழே, பாறைப் பிளவிலிருந்து வெண்மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. வெயில் பட்டு மின்னின. மேலே வந்து மூச்சு வாங்கியவளின் உள்ளங்கையில் அள்ளி வந்த மணிகளைப் பார்த்துக் கஸ்பார் வாயைப் பிளந்தான்.

"முத்து! மச்சான், நாம பணக்காரனுவ."

மரியரூபா ஒன்றை நகத்தால் நசுக்கினாள். நசுங்கவில்லை. பல்லால் கடித்தாள். உடையவில்லை.

"முத்தும் இல்ல, முட்டையும் இல்ல. பிளாஸ்டிக்கு."

மறுபடி முங்கினாள். பிளவுக்குள் அறுந்த வலையில் சிக்கி, கிழிந்த மூட்டைகள் கிடந்தன. பிளாஸ்டிக் சாமான் வார்க்க உருக்கும் குருணை மூட்டைகள், எந்தக் கப்பலிலிருந்து விழுந்தவையோ. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மூட்டை அசைந்தது, அதோடு வலையும் நகர்ந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. உதறினாள், இன்னும் இறுகியது. நெஞ்சு வெடிக்கப் பார்த்த நேரத்தில் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்தவன் தொம்மை. கொடியை மதித்து ஒருநாளும் எல்லை தாண்டாதவன். ஒரே அறுப்பு! தங்கையையும் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

வள்ளத்தில் விளமீனை அறுத்தார்கள். முதுகெலும்பு துருத்த மெலிந்த மீன். ஆனால் குடல் கல்லாய்ப் புடைத்திருந்தது. கீறியதும் வெண்மணிகள் கொட்டின. கொழுப்பென்று துளி இல்லை.

"வயிறு நெறஞ்சுபோயி பட்டினியில செத்திருக்கு," என்றாள் மரியரூபா. "முட்டைன்னு நாம ஏமாந்தோம். அதுவும் ஏமாந்துருக்கு."

காற்று வலுத்துவிட்டது. கஸ்பார் தண்ணீரை இறைக்க இறைக்க, தொம்மை அலையை வெட்டி வெட்டி வள்ளத்தைக் கரை சேர்த்தான்.

மறுநாள் கூட்டத்தில் ஊர்த்தலைவர் சேசையா தொண்டையைச் செருமும்போதே மரியரூபா ஒரு மணியை நீட்டினாள்.

"மாமா, இந்த முட்டையக் கொஞ்சம் கடிங்க."

கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு, அவள் காலடியில் மணிகள் வழியப் பிளந்து கிடந்த மீனைக் குனிந்து பார்த்தார்.

"தொம்மை, வள்ளத்த எறக்குடே," என்றார். "நாங்களும் வாரோம்."

அன்று திருவிழா போல எல்லா வள்ளமும் கொசுவலையோடு நரிப்பாருக்குப் போனது. மணிகளை அரித்து அள்ளினார்கள், மூட்டைகளை ஏற்றினார்கள். தப்பியவை எவ்வளவோ, அது கடலுக்குத்தான் தெரியும்.

கொடியைத் தொம்மையே பிடுங்கினான். இப்போதும் அந்த ஊரில் சினைக்கொடி நடுகிறார்கள். நடுவதற்கு முன் ஒரு முட்டையை நகத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள்.