சுத்தியலை நிறுத்திய பாட்டு

"கொஞ்சம் வழி விடுங்களேன்!"

ஒரு தடவையா, இரண்டு தடவையா... நாலு தடவை சொல்லியாயிற்று. மாடிப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் அசைகிற மாதிரி இல்லை. மழையோ வானம் பொத்துக்கொண்டு கொட்டுகிறது. குடைக்கம்பி ஒன்று மடங்கி, அவளுடைய இடது தோள் முழுக்கத் தொப்பலாக நனைந்துவிட்டது. மணி ஒன்பதே கால். மேலே டாக்டர் இந்நேரம் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, காது செவிடா?"

கத்தியே விட்டாள்.

அவன் திரும்பினான். அப்பப்பா... என்ன கண்கள் அவை! இமை நுனியில் மழைத்துளி நிற்க, வைத்த கண் வாங்காமல் அவளுடைய உதடுகளையே பார்த்தான்.

"ஆமாங்க," என்றான் நிதானமாக. "அதான் மேல போகலாமா, வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவளுக்கு அந்தப் படியிலேயே கரைந்து காணாமல் போய்விடலாம் போலிருந்தது. மேலே இருப்பது காது மெஷின் பொருத்தும் கிளினிக். பொருத்துகிறவளே இவள்தான்! வருகிறவர்களின் வீட்டாரிடம், "சத்தம் போடாதீங்க, செவிடுங்கிற வார்த்தையையே எடுக்காதீங்க" என்று ஒன்பது வருடமாகப் பாடம் எடுக்கிற மகராசி. வயசானவர்கள் அவளுக்குச் செல்லமாக வைத்த பெயரே 'காதம்மா'. அன்றைக்குக் காதம்மாவின் காது இரண்டும் சிவந்துபோயின.

மூன்றாவது டோக்கன் அவனுடையது. வயது முப்பத்து மூன்று. கார் பட்டறையில் வேலை. இடித்து நசுங்கி வருகிற கார்களின் ஒடுக்கைத் தட்டி எடுப்பவன். பதினைந்து வருடமாகத் தகரத்தின் மேல் சுத்தியல்... காது என்னதான் செய்யும், பாவி!

"கீழ... தெரியாம... மன்னிச்சிடுங்க," என்று இழுத்தாள்.

"எதுக்குங்க மன்னிப்பு? டாக்டர் அரைமணி நேரம் பார்த்துச் சொன்னதை, நீங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காதம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் பொருத்துகிற அன்று, வருகிறவர் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு கேட்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதித்துவிடலாம். பாட்டு வந்து சேர்ந்ததா என்பது அதைக் கேட்டவருக்கு மட்டும்தானே தெரியும்? ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் குடிகாரன் பாடுகிற பாட்டைக் கேட்டுத் தாளம் போட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்று கெஞ்சியிருக்கிறார். ஐந்து பிள்ளை பெற்ற ஒருத்தி தாலாட்டைக் கேட்டு, "இந்தச் சனியன் பாட்டால ஒரு ராத்திரி தூங்கினதில்ல" என்று திட்டிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

நாலாம் நாள் அவனுக்குப் பொருத்தினாள்.

"என்ன பாட்டு போடட்டும்?"

"பாட்டெல்லாம் வேணாங்க."

"அதெப்படி, ஒண்ணாவது இருக்குமே?"

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பழைய பாட்டைச் சொன்னான். எடுத்த எடுப்பில் ஒற்றை வயலின், மூச்சு விடாமல் நீளமாக இழுக்கும். அப்புறம்தான் பாடுகிறவள் வருவாள்.

"பட்டறையில நாங்க நாலு பேர். ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். அந்த வயலின் வந்துச்சுன்னா நாலு சுத்தியலும் நின்னுடும். யாரும் சொல்லி வச்சதில்ல... தானா வந்த பழக்கம். பாட்டு முடியிற வரைக்கும் யாரும் அடிக்க மாட்டோம். ஒருநாள் நான் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். நிமிர்ந்து பார்த்தா, மூணு பேரும் சுத்தியலைக் கீழ வச்சுட்டு என்னையே பார்க்கிறாங்க. அன்னிக்குத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அவங்க நின்னா நானும் நிறுத்துவேன். கேட்கிற மாதிரி தலையை ஆட்டுவேன்."

அவள் அவன் கண்களை விட்டுப் பார்வையை எடுக்காமலே பாட்டைப் போட்டாள்.

அவன் முகம் மலரும் என்று காத்திருந்தாள். மலரவில்லை... சுருங்கியது. காதிலிருந்து இரண்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"வயலினா இது? தண்ணிக்குள்ள யாரோ கொப்புளிக்கிறாங்க."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகப் பழகச் சரியாயிடும்."

"இவ்வளவு நாள் ஞாபகத்துலயாவது முழுசா இருந்துச்சுங்க," என்றான் எழுந்துகொண்டே. "அதையும் கெடுத்துட்டீங்க."

போய்விட்டான்! அவளுக்குச் சுருக்கென்றது. என்ன திமிர்! ஒன்பது வருட அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? போனால் போகட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. மெஷின் சில சமயம் தானாகவே 'கீ'யென்று விசிலடிக்கும். அதை அடக்க உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. நீளமாக இழுக்கிற வயலினையும் தன்னுடைய விசில் என்றே நினைத்து அந்த ஏற்பாடு நசுக்கிவிடும். பாட்டுப் போடுமுன் அதை அணைக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் மறக்காதவள்... அன்றைக்கு அந்தக் கண்களைப் பார்த்து மறந்து தொலைத்திருக்கிறாள்.

மறுநாளே கிளம்பிவிட்டாள். மழையில் லேப்டாப் பையையும், அவன் விட்டுவிட்டுப் போன மெஷின்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தபோது, மூன்று பேர் வாயைப் பிளந்தார்கள். அவன் மட்டும் குனிந்து, கண்ணை மூடி, ஒரு காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒடுக்கை உள்ளங்கை கண்டுபிடிக்குமாம்.

அவன் எதிரே போய் நின்றாள்.

"தப்பு என்னோடது. உங்க காது மேலயும் இல்ல, பாட்டு மேலயும் இல்ல."

"இதைச் சொல்லவா மழையில வந்தீங்க?"

"சரி பண்ண வந்தேன். உட்காருங்க."

எண்ணெய்ப் பிசுக்கான ஸ்டூலில் அவனை உட்காரவைத்து, காரின் பானட் மேலேயே லேப்டாப்பை விரித்து, அணைக்க வேண்டியதை அணைத்து, மெஷின் இரண்டையும் அவன் காதில் மாட்டினாள். அவளுடைய போனில் பாட்டு தொடங்கியது. பழக்கதோஷம்... மூன்று சுத்தியல்களும் கீழே இறங்கின. அவன் மூச்சையே நிறுத்திவிட்டான். வயலின் இழுத்தது... இழுத்துக்கொண்டே போயிற்று.

"வருது," என்றான். "வருதுங்க... முழுசா வருது!"

கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. மூவரில் மூத்தவர் தும்முகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'ஐயோ, நான் மாட்டிக்கிட்டேன்' என்று அவள் மனசு சொன்னது... மனசு என்றைக்குப் பொய் சொல்லியிருக்கிறது?

அப்புறம் வாராவாரம் வியாழக்கிழமை அவனுக்கு ஏதாவது ஒரு குறை. இன்றைக்கு இரைச்சல், அடுத்த வாரம் வலது காதில் அரிப்பு. "அந்தப் பட்டறைக்காரனுக்கு இன்னும் எத்தனை தடவைம்மா சரி பண்ணுவே?" என்று டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சரி பார்த்து முடித்துப் பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடப்பார்கள். பத்து நிமிட வழி அவர்களுக்கு முக்கால் மணி ஆகும்.

"ஊர்ல உள்ளவங்க பாட்டையெல்லாம் வாங்கி வச்சிருக்கீங்களே, உங்க பாட்டு எது?" என்றான் ஒருநாள்.

யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. சொன்னாள். அது ஓர் அசட்டுக் குத்துப்பாட்டு. ஏழு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு போனில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அக்கா, அத்தான், பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர் வரைக்கும் வந்து, "பாவம் பொண்ணு, பாவம் பொண்ணு" என்றார்கள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் இந்தப் பாட்டு ஓடியது.

"எல்லாரும் பாவம்னாங்க. அந்தப் பாட்டு மட்டும் சொல்லல. அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்துச்சு. இப்பவும் மனசு சரியில்லன்னா அதைத்தான் போடுவேன். எவ்வளவு திட்டினாலும் தாங்கிக்குவேங்க... பாவம்னு மட்டும் சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"எனக்கு அந்த ஒரு வார்த்தை மெஷின் இல்லாமலே கேட்கும்," என்றான் அவன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவள் அரையடி பின்தங்கி, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள்.

"பின்னால நின்னு என்னமோ சொல்றீங்க, சிரிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் கேட்க மாட்டேங்குது. அதைக் கொஞ்சம் கவனிங்களேன்!"

மெஷின் பொதுவாக முன்னாலிருந்து வருகிற பேச்சைத்தான் தூக்கிக் கொடுக்கும். அடுத்த வியாழனே, பின்னாலிருந்து வருகிற மெல்லிய சத்தமும் விழும்படி மாற்றிவைத்தாள்.

"இனிமே உங்களுக்கு முதுகுலயும் காது. ஜாக்கிரதை!"

"ஜாக்கிரதையா இருக்க வேண்டியது நீங்கதான்," என்றான். அந்தக் கண்களில்தான் எத்தனை குறும்பு!

பேருந்து நிறுத்தத்தில் இருவரையும் பார்த்துவிட்ட அத்தான் வழியாக விஷயம் அக்காவுக்குப் போனது. அப்பா, அம்மா போன பிறகு இவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. அவள் முன்னால் இவளுக்கு நாக்கு எழும்பாது. "யாரந்தப் பையன்? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா, பார்ப்போம்," என்றாள் அக்கா.

சலவைச் சட்டை, நகக்கண்ணில் கறை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த விரல்கள்... அப்படி வந்து உட்கார்ந்தான். ஹாலில் அவன், சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எதிரே அத்தான் செய்தித்தாளுக்குள். காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்ததும் அக்கா இவள் கையைப் பிடித்து இழுத்தாள். குரலை நன்றாகத் தணித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஊருல ஆளே இல்லையா? ஏற்கெனவே ஒண்ணு நின்னு போச்சு. கடைசியில செவிடனைத்தான் பிடிச்சாளாம்னு பேச மாட்டாங்களா? உங்க அத்தான் வீட்டு மனுஷங்க முன்னாடி நான் எப்படித் தலைகாட்டுவேன்? நிஜத்தைச் சொல்லு... மனசுல ஏதாவது வச்சிருக்கியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த வீடு, அந்தக் கூட்டம், அந்தப் பேச்சு எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"சீ, என்னக்கா நீ!" என்றாள், அக்காவைவிடத் தணிந்த குரலில். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. பாவமேன்னு கொஞ்சம் பேசினேன். அதைப் போய்..."

ஹாலில் காபித் தம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதுகிலும் காது... அவள் கையாலேயே வைத்தது.

அவன் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். தம்ளரைச் சத்தம் வராமல் வைத்தான். "காபி நல்லா இருந்துச்சுங்க. வர்றேன்," என்று அக்காவிடம் கும்பிட்டுச் சொன்னான். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"தங்கமான பையன்," என்றாள் அக்கா, கதவைச் சாத்திக்கொண்டே. "பாவம்."

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. அனுப்பிய செய்திகளைப் படித்தான், பதில் போடவில்லை. பட்டறைத் தெருமுனை வரை இரண்டு தடவை போனாள். சுத்தியல் சத்தம் காதில் விழுந்ததும், எந்த முகத்தோடு போய் நிற்பது என்று திரும்பிவிட்டாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்து வந்தான்.

"பின்னால சத்தத்தைக் குறைச்சிடுங்க. முன்னாடி இருந்த அளவு போதும்."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"குறைச்சிடுங்க. வெளியில ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

குறைத்தாள்.

"பாட்டு... கேட்கிறீங்களா?" என்றாள் மெல்ல.

"கேட்குது. வயலின் வருது. அது பின்னாலயே, பாவமேன்னு கொஞ்சம் பேசினேன்னு உங்க குரலும் வருது. ரேடியோவை அணைச்சு வைக்கச் சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலை முடியவில்லையே. மாற்றிய பிறகு ஒரு சோதனை உண்டு. காதம்மா பின்னால் நின்று சாதாரணக் குரலில் வார்த்தை சொல்வாள். கேட்டதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"கதவு."

"கதவு."

"பச்சை."

"பச்சை."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் திருப்பிச் சொல்லவில்லை.

"கேட்கலையா?" என்றாள் அழுகையோடு.

"கேட்டுச்சு." அவன் திரும்பி உட்கார்ந்தான். "அன்னிக்குச் சொன்னது, நான் கேட்க மாட்டேன்னு நம்பிச் சொன்னது. இது, நான் கேட்கணும்னு சொல்றது. ரெண்டுல எதை நான் நம்பட்டும்?"

"இதுதான் நிஜம்! அது அக்காவுக்குப் பயந்து... சத்தியமா பயந்துதான் சொன்னேன்."

"தெரியும். பயந்துதான் சொன்னீங்க. நாளைக்கும் அக்கா இருப்பாங்களே?"

இருப்பாள். அக்கா இருப்பாள், அத்தான் வீட்டு மனுஷர்கள் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி இருப்பாள். 'வாங்க, இப்பவே போய் அக்கா முன்னாடி சொல்றேன்' என்று ஒரு வார்த்தை... அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். கண்கள் அவள் உதடுகளை விட்டு நகரவே இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பாழாய்ப்போன பயம், அப்போதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துகொண்டான். கதவுவரை போனவன் நின்றான்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப. அதைச் சொல்லாமப் போனா, நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன்."

கதவு சாத்திக்கொண்டது.

மேஜை விளிம்பைப் பிடித்தபடி அவள் வாய்விட்டு அழுதாள். கதறிக் கதறி அழுதாள். வெளியே பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை.