முதலாளிக்கு ஒரு நாற்காலி

"ஐயோ...!"

ஏழாம் நம்பர் மலையில் எழுந்த அந்த அலறல் என்னுடையது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தண்ணீர் ஓடும் கானில் குப்புறக் கிடந்தார் என் கணவர் கஜேந்திரன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனவர். பின்மண்டை பிளந்திருந்தது!

அரை மணி நேரத்தில் போலீஸ் ஜீப். நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் விசாரணை.

சார்ஜன்ட் மஹ்ரூபின் கண்கள் என் அப்பா நல்லையா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் நின்றன.

"என்னய்யா ரத்தம்?"

"அட்டை கடிச்சதுங்க. மருமகனைத் தேடி மலைக்குள்ள போனேன்..."

"அட்டை! நல்ல கதை. நேத்துக் கோயில்ல ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

"வாய்ச்சண்டைதாங்க..."

"ஏறு ஜீப்புல!"

விலங்கு பூட்டப்பட்டது. புருஷன் போன அன்றே அப்பாவுமா...?

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது.

மர வியாபாரி இராமையா. இதே லயத்தில் பிறந்தவர். இப்போது பதுளையில் மாடி வீடு. அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டுவதை என் கணவர் போன வாரம்தான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லியிருந்தார்.

அவரையும் விசாரித்தார் சார்ஜன்ட்.

எப்படி?

"வாங்க முதலாளி! யாரது, ஒரு நாற்காலி கொண்டாங்க! காலையில எங்க இருந்தீங்க... சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..."

"வீட்டுலதான். அங்கிருந்து நேரா கார்ல வாறேன். மலைப்பக்கம் காலே வைக்கல." என் பக்கம் திரும்பினார். "அழாத ஜீவராணி. சாவு வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

சாய்ந்தார். கால்மேல் கால் போட்டார்.

காற்சட்டை மேலேறியது.

வெள்ளைக் காலுறையில்... சிவப்பு!

சொத்!

திராட்சை போல உப்பிய அட்டை ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

என் அழுகை நின்றது.

"ஐயா! இவர் வந்து அஞ்சு நிமிசம் ஆகல. இது ஒரு மணி நேரம் குடிச்ச அட்டைங்க. காருலயும் மாடி வீட்டுலயும் ஏதுங்க அட்டை?"

இராமையாவின் முகம் வெளுத்தது. எழுந்தார்... காரை நோக்கி ஓடினார்!

இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்து அமுக்கினார்கள்.

டிக்கி திறக்கப்பட்டது. உள்ளே, ஈரம் காயாத இரத்தத்தோடு இரும்புக் கம்பி. தன் காரை எவன் சோதிக்கப் போகிறான் என்ற தைரியம்!

விலங்கு கை மாறியது. மஹ்ரூபால் என் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"எங்கள மாதிரி நிக்க வெச்சிருந்தா தப்பிச்சிருப்பாருங்க... நாற்காலி போட்டுல்ல மாட்டி விட்டுட்டீங்க!"