கொலைக்குக் கைதட்டியவர்கள்

பிணம் விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்!

ப்ரஸ்ஸெல்ஸ் உலகக் கண்காட்சி, 1958. மூங்கில் வேலிக்கு உள்ளே, பெல்ஜியத்தின் ஆப்பிரிக்கக் காலனியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து காட்சிக்கு உட்காரவைத்த 'காங்கோ கிராமம்'. வெளியே, தொப்பியும் கேமராவுமாக பெல்ஜியக் கூட்டம்.

குடிசையிலிருந்து தள்ளாடியபடி வந்தார் கிராமத்தின் நிர்வாகி வான் ஹூர்பேக். குப்புற விழுந்தார்.

முதுகில் மரம் செதுக்கும் உளி!

"அப்பா, சூப்பரா நடிக்கிறார்ல?" என்றது ஒரு குழந்தை.

ரத்தம் புல்லில் பரவியது...

அப்புறம்தான் அலறினார்கள்.

பொலும்பு பாய் முடைவதை விட்டு எழுந்தாள். ஊரில் அவள் பள்ளி ஆசிரியை. இங்கே வெறும் 'காட்டுப்பெண்'. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

உளி அவள் தம்பி எகோஃபோவுடையது.

கமிஷனர் ஹெர்மான்ஸ் வந்த வேகத்தில் அவனுக்கு விலங்கு மாட்டினார்.

"அக்கா! தண்ணி குடிக்கப் போயிருந்தேன்க்கா... உளி இங்கேயே கெடந்துச்சு!"

"நேத்து நிர்வாகியோட சண்டை போட்டியாமே?"

"ஊருக்கு அனுப்புங்கன்னு கேட்டேன் சார். அனுப்பறேன்னு சொல்லிட்டார்."

"சுத்தப் பொய்!" குறுக்கிட்டான் உதவி நிர்வாகி கோப்பன்ஸ். கொளுத்தும் வெயிலிலும் வெள்ளைக் கையுறை. ஆபீசை விட்டு அவன் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். நாற்றமாம்! "காட்டுப் பசங்க சார். கோவம் வந்தா குத்துவானுங்க. உள்ள தள்ளுங்க."

தள்ளினால்? ஆயுள் முழுக்கச் சிறை. அதுவும் இந்த அந்நிய ஊரில்.

பொலும்பு தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள்.

கமிஷனர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சீமாட்டியிடம் திரும்பினார். "கொலைகாரன் மூஞ்சியைப் பார்த்தீங்களா மேடம்?"

"எல்லாம் ஒரே மூஞ்சிதானே சார்! நார்ப் பாவாடை, நார்த் தொப்பி, கரேல்னு இருந்தான். குடிசைக்குள்ள போறதுக்கு முன்னால நான் வீசின வாழைப்பழத்தைப் பொறுக்கி, உரிச்சுத் தின்னான். என்ன சமத்து!"

பொலும்பு சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன சிரிப்பு?"

"கமிஷனர் சார், கொலைகாரன் எங்க ஆளே இல்ல."

சுத்தமான பிரெஞ்சு! கமிஷனர் வாயைப் பிளந்தார்.

"வேலியோரம் குனிஞ்சு பாருங்க."

குனிந்தார்.

வாழைப்பழங்கள்... குவியல் குவியலாக! கறுத்து, அழுகி, ஈ மொய்த்து.

"முதல் பழம் வந்து விழுந்த அன்னிக்கே கூடிப் பேசிட்டோம் சார். வேலி தாண்டி வர்ற எதையும் எங்காளுங்க யாரும் தொடக்கூடாது. பட்டினி கெடந்தாலும்! சின்னப் புள்ளைங்ககூடத் தொடலை. நாங்க பொறுக்கித் தின்போம்னு நெனைக்கிற எவனோதான் கரியைப் பூசிட்டு வந்திருக்கான்!"



"நார் உடுப்பு வெக்கிற ரூம் சாவி ரெண்டே பேர்கிட்டதான். ஒருத்தர் இதோ செத்துக் கெடக்கார்."

கமிஷனர் மெல்லத் திரும்பினார். "கோப்பன்ஸ்... கையுறையைக் கழட்டுங்க."

"ஒரு காட்டுப்பொண்ணு பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னைப் போய்..."

"கழட்டுய்யா!"

நகக்கண் எல்லாம் கரி!

கோப்பன்ஸின் முகம் கோணியது. "அந்தக் கெழவன் இவங்களை ஊருக்கு அனுப்பிட்டு, வர்ற திங்கக்கிழமை கிராமத்தை மூடறேன்னான் சார்! கண்காட்சியிலயே ஜனங்க அலைமோதற இடம். நான் கட்டினது! விடுவேனா? இப்ப வெளிய பாருங்க..."

பார்த்தார்கள்.

கூட்டம் மூன்று மடங்காகியிருந்தது! கொலை நடந்த குடிசையைக் காட்டப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள்...

எகோஃபோவின் விலங்கு கோப்பன்ஸின் கைக்கு மாறியது. தம்பி அக்காவின் தோளில் சாய்ந்து விம்மினான்.

கமிஷனர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா... நாளைக்கும் வழக்கம்போல கிராமத்தைத் திறக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நீங்கல்லாம் உக்காரலைன்னா ஜனங்க ஏமாந்துடுவாங்களாம்."

செத்தவன் தோற்றான். கொன்றவன் ஜெயித்துவிட்டான்!

பொலும்பு வேலிக் கதவை ஓங்கி உதைத்தாள். திறந்துகொண்டது.

"நாங்க ஊருக்குக் கெளம்பறோம் சார். பெல்ஜியக்காரங்களை நல்லா சுத்திப் பார்த்தாச்சு... டிக்கெட்கூட வாங்காம!"