ஒரு டிஸ்க்கில் இரண்டு பங்கு

ரெனிட்டாவின் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்காக அவளுக்கும் அண்ணன் ஆஸ்டினுக்கும் தினமும் சண்டை.

ஆஸ்டின் இராஜபாளையத்தில் நூல் மில்லில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போகிறான். அவனுக்கு அங்கே சொல்லித்தரும் லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும். ரெனிட்டா படம் வரைவதோ விண்டோஸில்.

"ஹார்டு டிஸ்க்தான் பெருசா இருக்கே! பார்ட்டிஷன் போட்டுறலாம் ரெனி. பெரிய ரூமுக்கு நடுவுல சுவர் வைக்கிற மாதிரி. ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் எனக்கு."

"அப்பா வீடியோவெல்லாம் அதுலதான இருக்கு?"

அப்பா ராணுவத்தில் இருக்கிறார். பனியில் வழுக்கி விழுந்து சிரித்தது, சப்பாத்தியைக் கருக்கியது என்று அவர் அனுப்பிய வீடியோக்கள் எத்தனையோ. அம்மாவின் பழைய போன் உடைந்த பிறகு, அவை இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன.

"அதுக்கு ஒன்னும் ஆகாதுட்டி" என்றான் ஆஸ்டின்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவன், தூங்கக்கூட இல்லை. விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, மீதியைக் காலியாக்கினான். பென் டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்றத் தொடங்கினான். திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. கண்கள் சொருக, அவன் பாட்டுக்கு மௌஸைத் தட்டிக்கொண்டே போனான்.

ரெனிட்டா பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, நில்லு! டிஸ்க் முழுசையும் அழிக்கணும்னுல்லா தேர்வு செஞ்சிருக்க!"

ஆஸ்டின் கண்ணைக் கசக்கிவிட்டுப் படித்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னட்டி அங்க சத்தம்?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

திட்டுவதற்கு ரெனிட்டாவிடம் நிறைய இருந்தது. ஆனால் அண்ணனின் கண்கள் சிவந்திருந்தன. தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணனுக்குத் தூக்கம் வருதும்மா" என்றாள்.

பிறகு மெல்லச் சொன்னாள்: "செத்த நேரம் படு. பொறவு பாத்துக்கிடலாம்."

ஆஸ்டின் லினக்ஸ் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தான். ரெனிட்டா பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்காவிடம் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, அப்பாவின் வீடியோக்கள் அத்தனையையும் அதில் காப்பி செய்தாள்.

சாயங்காலம் மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை ரெனிட்டா சத்தமாகப் படிக்கப் படிக்க, ஆஸ்டின் நிதானமாக மௌஸைத் தட்டினான்.

"காலி இடத்துல மட்டும். சரியா ரெனி?"

"சரி. தட்டு!"

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. திரையில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ரெனிட்டா துள்ளிக் குதித்தாள்.

"முதல்ல உன்னோடத எடு" என்றான் ஆஸ்டின்.

"இல்ல, உன்னோடத எடுண்ணே."

"நீதான காப்பாத்துன? நீ எடு."

"நீதான கஷ்டப்பட்ட? நீ எடு."

இப்படியே சொல்லிக்கொண்டிருந்ததில், காத்திருந்து அலுத்த கம்ப்யூட்டர் தானாகவே லினக்ஸைத் திறந்துகொண்டது.

"சரி, தள்ளி உக்காரு. எனக்கும் சொல்லிக் கொடு" என்று அண்ணனின் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள் ரெனிட்டா.