ஒட்டுக்கேட்கும் உரிமை

காலையில் மீன் விற்கும் இயந்திரப் பறப்பி பதினோராம் மாடி வராந்தாவில் வந்து நின்றபோது, கையால் மட்டுமே பேச வேண்டிய கைநேரம் தொடங்கியிருந்தது. தட்டில் கிடந்த சீலா நேற்றைய சரக்கு என்பது பிலோமினா மைனிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வழியில்லை. கைநேரத்தில் யார் வாய் திறந்தாலும் சுவரில் இருக்கும் ஒலிக்காவலி சிவப்பாக எரியும். எரிந்தால் அன்று முழுக்க மாடி அவரைப் பற்றித்தான் பேசும். ஊரைப் பற்றிப் பேசிப் பழகியவருக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லையா? மூக்கைப் பொத்தி, கண்ணை உருட்டி, கடலைக் காட்டிக் கையை விரித்தார். பறப்பி புரிந்துகொண்டு வேறு தட்டை நீட்டியது.

இத்தனைக்கும் காரணம் மூன்றாம் வீட்டு ஜெனோவாவின் மகள் ஆழினி. பிறந்த மறுநாள், தூத்துக்குடியில் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல அவளுக்கும் தூக்கத்திலேயே செவிச்சோதனை நடந்தது. காது கேட்கவில்லை. ஜெனோவா சம்மதித்ததும் அந்தச் செய்தி மாடியிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பிலோமினாவுக்கு அதில்தான் முதல் வருத்தம். தன் வழியாக அல்லாமல் ஒரு செய்தி மாடிக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

அண்டைமொழிச் சட்டம் சுற்றி வளைக்காதது. பிள்ளைக்குக் கேட்காதென்றால் படிக்க வேண்டியது அக்கம்பக்கம். பிள்ளைக்கு அரை வயது ஆவதற்குள் மாடி கைமொழியில் பேச வேண்டும். பேசாவிட்டால், ஏற்கெனவே பேசத் தெரிந்த மாடி ஒன்றுக்குக் குடும்பத்தை மாற்றிவிடுவார்கள். இப்போது காலியாக இருப்பது திருநெல்வேலியில். ஜெனோவா துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவள், புருஷன் கப்பலில். மாற்றினால் வேலையும் போச்சு, பழகிய மனிதர்களும் போச்சு.

"காதுல ஒட்டுத அந்தச் செவித்துளிய மாட்டிவிட்டா சரியாப் போவும்லாட்டி, எதுக்கு இம்புட்டு ஆட்டம்?" என்று பிலோமினா கேட்டிருந்தார்.

"அதுக்கு ஒரு வயசு ஆவணும் மைனி. அதுவரைக்கும் இவ மண்டைக்குள்ள என்னத்தப் போட?" என்றாள் ஜெனோவா.

கெடு முடியும் தறுவாயில், மாடியைச் சோதிக்க மொழிப் பார்வையாளர் நூருன்னிசா வந்த அன்று மாடி கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவருக்கும் காது கேட்காது. அவர் கையசைத்தால், மணிக்கட்டிலிருந்த பேசுபட்டை வானொலிச் செய்தி வாசிப்பதுபோல ஒப்பிக்கும். மற்றவர்கள் பேசுவது அதன் திரையில் எழுத்தாக ஓடும். ஆழினியைப் பாயில் கிடத்தி, ஒவ்வொருவராக வந்து காட்டினார்கள். பால். பூ. காக்கா. அம்மா. எட்டாம் வீட்டுப் பொன்ராசு அண்ணாச்சி யானைக்குத் துதிக்கை வைத்ததில் குழந்தையே மிரண்டது.

"நன்று. இனி நான் இங்கே இருப்பதையே மறந்துவிடுங்கள்" என்றது பட்டை.

வந்தவருக்குத் தேநீரும் மக்ரூனும் வந்தன. விருந்தாளிக்கு வாய்பேசாமல் பரிமாறுவதா என்று மரியாதை கருதி அண்ணாச்சி ஒலிக்காவலியை அணைத்தார். அவ்வளவுதான், மடை திறந்தது. ஆறாம் வீட்டுக் கல்யாணம் நின்றுபோன கதையைப் பிலோமினா எடுக்க, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஆழினி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நூருன்னிசா கோப்பையை வைத்தார். "குழந்தையிடம் பேசினீர்கள். குழந்தையின் முன்னால் பேசவில்லை. கேட்கும் பிள்ளை தன்னிடம் சொல்லாததைத்தான் அதிகம் கற்கிறது. பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்க இவளுக்கும் உரிமை உண்டு. சட்டம் அதற்காகத்தான். வருந்துகிறேன், இடமாற்றத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

ஜெனோவா பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள்.

"இரு, தூக்காதட்டி" என்றார் பிலோமினா. ஒட்டுக்கேட்பதற்கு ஒரு சட்டமா? வாழ்நாளெல்லாம் அவர் உரிமம் இல்லாமல் நடத்திய தொழிலாயிற்றே. பாயின் ஒரு பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணாச்சியை எதிர்ப்பக்கம் இழுத்து உட்கார வைத்தார். விட்ட இடத்திலிருந்து கதையைக் கையால் தொடர்ந்தார். மாப்பிள்ளைக்கு மீசை முறுக்கினார். மாப்பிள்ளை அம்மாவுக்கு இடுப்பில் கை வைத்தார். தெரியாத சொல்லுக்கெல்லாம் உடம்பையே கொடுத்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டானாம்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தப்பு, தப்பு என்று விரலை ஆட்டினார். வேண்டாம் என்றது பெண். பிலோமினா நெற்றியில் அடித்துக்கொண்டார். இருவர் கையும் பிள்ளைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தன. ஜெனோவா கண்ணைத் துடைத்துவிட்டு, இருவரையும் விலக்கிக் கையால் சொன்னாள்: இரண்டுமே இல்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் நிறுத்தினார்கள், எனக்கு நேரிலேயே தெரியும். அது பிலோமினாவுக்கே தெரியாத சேதி.

ஆழினியின் தலை அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் திரும்பிக்கொண்டிருந்தது. மின்விசிறி அவளுக்கு மறந்துபோயிற்று. மூடியிருந்த குட்டிக் கை ஒன்று விரிந்து காற்றில் எழுந்தது.

நூருன்னிசாவின் கையும் எழுந்தது. பட்டை சொன்னது: "மாப்பிள்ளையின் தாயார் அதற்கு என்ன சொன்னார்?"

ஜெனோவாவும் ஆழினியும் திருநெல்வேலிக்குப் போகவில்லை. ஆனால் மாடியின் நிம்மதி போயிற்று. வாய்ப்பேச்சைக் கதவைச் சாத்தி மறைக்கலாம். கைப்பேச்சு எதிர்க் கட்டடம்வரை தெரிகிறது. ஆழினி வளர்ந்தாள், செவித்துளியும் வந்தது. ஆனாலும் காலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவில் நடுநாயகமாக உட்கார்ந்துகொள்வாள். எதையும் விடமாட்டாள்.

அவளுக்கு இரண்டரை வயதானபோது நூருன்னிசா மறுபடி வந்தார். என்ன விசேஷம் என்று ஆழினியிடம் கையால் கேட்டார். மாடி முழுவதும் வாசலில் நின்றது.

ஆழினி தயங்கவில்லை. 'பிலோமினா. ஜன்னல். போன். அழுகை.'

எல்லாரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். கிறிஸ்துமசுக்கு மகன் வருகிறான் என்று ஒரு மாதமாக மாடியெல்லாம் சொல்லிவைத்திருந்தவர் அவர்.

"கண்ணுல தூசி விழுந்துச்சு, அதப் போயி..." என்று தொடங்கினார். ஆழினி அவர் வாயைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்துக் காத்திருந்தாள்.

வேறு வழி தெரியவில்லை. பிலோமினா கையைத் தூக்கினார். 'மகன் வரவில்லை.' உடனே சேர்த்தார்: 'யாரிடமும் சொல்லாதே.'

அண்ணாச்சி சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மைனிக்குப் பின்னால் வைத்தார். ஜெனோவா அவர் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள்.

ஆழினி பொறுப்பாகத் தலையாட்டினாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, மைனி சொன்னதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.